நான்காம் கூண்டு

மார்ச் 3

காலையிலிருந்து எலிகளோடுதான் குடித்தனம். மருந்து கொடுத்து, வலிப்பைத் தூண்டும் ஊசியைப் போட்டு, ஸ்டாப்வாட்சோடு கூண்டு கூண்டாகப் பார்ப்பது என் வேலை. எந்தக் கூண்டுக்கு எந்த மருந்து என்று எனக்குத் தெரியக் கூடாது. குறியீட்டுத் தாள் பேராசிரியரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாயும் என்பார்.

ஆனால் நான்காம் கூண்டு! எட்டில் ஏழு எலிகள் துடிக்கவே இல்லை. அதே மருந்தைக் கொடுத்துவிட்டு வலி மாத்திரையால் வயிற்றைக் கெடுத்த இன்னொரு எட்டிலும் புண் பேருக்குத்தான். கரைசலின் அடர்ந்த மஞ்சளை வைத்து நானே கண்டுபிடித்துவிட்டேன். வெறும் ஆன்டிஆக்ஸிடன்ட். வலிப்பு மருந்து ஒரு துளியும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வாலுவிடம் ஒரே அளப்பு. வலிப்பு வந்தால் மூளையிலும், புண் வந்தால் வயிற்றுச் சுவரிலும் கட்டுக்கடங்காத ஆக்ஸிஜன் துகள்கள் ஒரே மாதிரி நாசவேலைதான் செய்கின்றன. ஆன்டிஆக்ஸிடன்ட் அந்தத் துகள்களை அடக்கிவிட்டால் இரண்டும் பிழைக்கும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். என் தங்கை இத்தனை கவனமாக எதையும் கேட்டதில்லை.

"மாத்திரையே இல்லாமயாக்கா?"

"மாத்திரையே இல்லாமடி!"

மார்ச் 4

வாலுவுக்குக் கடைசியாக வலிப்பு வந்து பதினொரு மாதம் ஆகிறது. இன்னும் நான்கு வாரம் தாண்டினால் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் மறுபடி நிற்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது பசை மேசையில் உட்கார்ந்து அட்டை ஒட்டுகிறாள். இதுவரை மெஷினை முதலாளி யாருக்கும் நிரந்தரமாகத் தரவில்லை. அவள் வெட்டு அத்தனை சுத்தம்.

மார்ச் 6

குறியீட்டைப் பிரித்தார்கள்.

நான்காம் கூண்டு வெறும் ஆன்டிஆக்ஸிடன்ட் இல்லை. வலிப்பு மருந்து பாதி அளவு, கூடவே ஆன்டிஆக்ஸிடன்ட். மஞ்சளை அடர்த்தியாக்கியதே அந்த மருந்துதான். வெறும் ஆன்டிஆக்ஸிடன்ட் இரண்டாம் கூண்டில். அங்கே வயிறு ஓரளவு தப்பியது. வலிப்பு? கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். எட்டில் ஆறு துடித்தன.

பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். "மருந்தைப் பாதியா குறைச்சும் தாங்குதும்மா, இதுதான் விஷயம்" என்றார். நானும் பல்லைக் காட்டினேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை. எதற்கு? எலிக் கதை அவளுக்கு நினைவிருக்கவா போகிறது. உண்மையைச் சொன்னால், வெட்கம்.

மார்ச் 9

"வயிறு எரியவே இல்லக்கா, அதிசயமா இருக்கு!" என்று தட்டைக் காலி செய்தாள் வாலு. தலைவலிக்கு வலி மாத்திரையாக விழுங்கி வாங்கிக்கொண்ட புண் அது. ஆனால் அவள் எப்போதும் வலிப்பு மாத்திரையைத்தான் திட்டுவாள். புண்ணுக்குக் கொடுத்த மாத்திரை கேட்கிறது போல. நிம்மதி.

மார்ச் 11

காலையில் அவள் கையிலிருந்த டம்ளர் தூக்கி எறிந்தாற்போல் போய் விழுந்தது. ஒரு உதறல். கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தூக்கம் பத்தலக்கா."

"மாத்திரை போடுறியா?"

"போடுறேன்டியம்மா, போலீஸ் மாதிரி கேட்காத."

சிரித்தாள். நான் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன். வலிப்பு எலிகளில் முதலில் வருவதும் அந்த உதறல்தான். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை குறித்து வைக்கிறேன். சும்மா பயப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மார்ச் 13

ஒரு மணிக்கு அச்சகத்திலிருந்து போன். வாலு விழுந்துட்டா.

நல்லவேளை பசை மேசை. நல்லவேளை நல்லவேளை நல்லவேளை. மேசை விளிம்பில் புருவம் கிழிந்து நாலு தையல். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் இன்னொரு தடவை வந்திருக்கிறது. ஆறு நிமிஷமாம். நான் இருந்திருந்தா எண்ணியிருப்பேன். சீ, என்ன எழுதுறேன்.

அடையாள அட்டை வேண்டும் என்றார்கள். அவள் பையைக் கொட்டினேன். மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல் டப்பா, பாதி காலி. இந்த மாத வலிப்பு மாத்திரை அட்டை, முதல் மூன்று நாளுக்கு மேல் ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

கண் திறந்ததும் கேட்டேன். வாய் குழறியது அவளுக்கு.

"நீதானேக்கா சொன்ன. மாத்திரையே இல்லாமன்னு."

பாவி. நான் பாவி. ஆறாம் தேதியே தெரியும் எனக்கு. ஒரு வாரம்! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு?

மார்ச் 14

டாக்டர் வந்தார். மாத்திரையைத் திடீரென்று ஏன் நிறுத்தினாய், உயிருக்கே உலை வைக்கிற காரியம் தெரியுமா என்று கேட்டார்.

"வயிறு எரிஞ்சுது சார். நானாத்தான் நிறுத்திட்டேன்" என்றாள் வாலு. என் பக்கம் திரும்பவே இல்லை.

என்னை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நான் பேசாமல் நின்றால் அதோடு முடிந்துவிடும். வார்டில் யாருக்கும் தெரியாது. நின்றேன். உண்மையாகவே கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு சொன்னேன். "இல்ல சார். நான் சொல்லித்தான் நிறுத்தினா. எலி பரிசோதனை. அதுவும் தப்பாச் சொன்னேன். தப்புன்னு தெரிஞ்ச பிறகும் சொல்லல."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆன்டிஆக்ஸிடன்ட் கூட இருந்து கை கொடுக்கலாம்மா. அதுவும் மனுஷங்ககிட்ட இன்னும் நிரூபணம் ஆகல. மாத்திரை இடத்துல அது உட்கார முடியாது." பிறகு வாலுவிடம், பன்னிரண்டு மாதக் கணக்கு இன்றிலிருந்து மறுபடி முதல் நாள் என்றார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 22

வீட்டில் பேச்சு இல்லை. மாத்திரையை என் முன்னால் விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறாள். கேட்காமலேயே. அதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

ஏப்ரல் 6

பேசவில்லை.

ஏப்ரல் 21

இன்று புதுத் தொகுதி எலிகள். மூன்றாம் கூண்டு பிரமாதம்.

மாலையில் வாலு செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "மெஷினை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. நிரந்தரமா." அருகில் போய் உட்கார்ந்தேன். தள்ளிப் போகவில்லை.

கழற்றிய செருப்பை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். "எலி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. எந்த மருந்துன்னு தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை பிரிக்கிறாங்க."

"அப்ப சனிக்கிழமை சொல்லு" என்று எழுந்துபோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.