இடது கையால் ஒரு இழுப்பு

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் பல் டாக்டர். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது பாதிக் காலை போய்விட்டது. மச்சான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்து வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"மாமா, பச்சை இனிமே வராதாம்."

எஞ்சின் கம்பெனியிலிருந்து போன். சின்ன எஞ்சின் செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். கையில் இருக்கிற சரக்கு தீர்ந்தால் தீர்ந்தது. எனக்கு வாய் மரத்திருந்ததால் ஒழுங்காகத் திட்டக்கூட முடியவில்லை.

நாங்கள் பட்டறை போட்ட நாளிலிருந்து எங்கள் தள்ளுவண்டி பம்பில் அந்தப் பச்சை எஞ்சினைத் தவிர வேறு எதையும் உட்கார வைத்ததில்லை. இரண்டு சக்கரம், ஒரு சட்டம், அதன் மேல் பம்பும் பச்சையும். கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்தால் இறைக்கிறவர்களும் சரி, செடி வளர்க்கிறவர்களும் சரி, "அந்தப் பச்சை வண்டி" என்றுதான் கேட்டு வருவார்கள். எங்கள் பெயரைக் கேட்டு வந்தவர் யாருமில்லை.

பிப்ரவரி 5, புதன்

சாப்பிடும்போது மனைவி: "எஞ்சினுக்கா இப்படி துக்கம் காக்கறீங்க? எங்கப்பா போனப்பகூட ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டீங்க."

பிப்ரவரி 11, செவ்வாய்

இரண்டு எஞ்சின் வந்திருக்கிறது, பார்ப்பதற்கு.

ஒன்று சிவப்பு. விற்பனைக்காரர் தானே காரில் கொண்டுவந்து இறக்கினார். பச்சையைவிட நல்ல பலம். தண்ணீர் எதிர்ச்சுவரைத் தாண்டி அடுத்த பட்டறைக்காரனின் வேனை நனைத்தது. "உங்கள மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க பார்த்தாப் போதும் சார், நான் பேசவே வேணாம்" என்றார். சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பேசினார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன், பிடித்திருந்தது.

இன்னொன்று சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி. மச்சான் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் சுவர் வரைக்கும்தான் போனது. "இதை வெச்சு என்ன பண்றது, பல்லு விளக்கலாமா?" என்று கேட்டேன். வெல்டரும் பெயிண்டரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

சிவப்புதான். முடிவு செய்துவிட்டேன்.

அளக்க வேண்டியதெல்லாம் அளந்தேன். ஷாஃப்ட் உயரம், போல்ட் ஓட்டை, சைலன்சர் எந்தப் பக்கம், எடை, சூடு, பெட்ரோல் குடிக்கிற அளவு. பட்டறையில் எங்களுக்கு ஒரு கிறுக்கு வழக்கம் உண்டு. கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும், தவறினவன் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். நான், மச்சான், வெல்டர், பெயிண்டர் நாலு பேரும் இழுத்தோம். நாலு பேருக்கும் ஒரே இழுப்பு. இன்றைக்கு யாருக்கும் டீ இல்லை.

மச்சான் மட்டும் தனியாக வந்து, "மாமா, ஒரு வாட்டி இடது கையால மெதுவா இழுத்துப் பாருங்களேன். பெரியக்கா அப்படித்தானே இழுப்பாங்க" என்றான். என் அக்காவைத்தான் அவன் பெரியக்கா என்பான்.

"உனக்கு உன் குட்டி ஜெயிக்கல. அதான?" என்றேன்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவன் அதற்குமேல் பேசவில்லை, எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

அக்காவின் தோட்டத்துக்குப் போனேன். தொட்டிச் செடி வரிசை இன்னும் நீண்டிருக்கிறது. இந்த வயதில் தனி ஆளாக எப்படித்தான் பார்க்கிறாளோ. வலது தோள் இறுகிப்போய் பல வருஷம் ஆகிறது, கை தலைக்கு மேல் போகாது. எல்லாவற்றுக்கும் இடது கைதான். பச்சையை இடது கையால், தூங்குகிறவனைத் தட்டி எழுப்புகிற மாதிரி, மெதுவாக இழுப்பாள். அதுவும் எழுந்துவிடும்.

அவளுடைய வண்டி பழசாகிவிட்டது. சிவப்பு போட்ட முதல் வண்டி உனக்குத்தான் என்றேன். சந்தோஷப்பட்டாள். அப்புறம் கேட்டாள்:

"இழுக்க லேசா இருக்குமாடா?"

"லேசுதான் அக்கா."

பிப்ரவரி 27, வியாழன்

அக்காவுக்கு வண்டியைக் கொண்டுபோய் இறக்கினோம். நானே ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன். ஒரே இழுப்பு. அவள் கை தட்டினாள்.

மார்ச் 2, ஞாயிறு

அக்காவுக்குக் கை முறிந்துவிட்டது. இடது மணிக்கட்டு, இரண்டு விரல். குழாயடி ஈரத்தில் வழுக்கிவிட்டாளாம். இருக்கிற ஒரு நல்ல கை அது.

மார்ச் 3, திங்கள்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் இருந்தோம். மாவுக்கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மனைவி, மச்சான், டாக்டர் எல்லோரிடமும் அதே கதை. "ஈரம்டா. பாசி. என் புத்திய செருப்பால அடிக்கணும்." என்னிடம் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

செடிகளுக்குத் தண்ணீர் விட நான் தோட்டத்துக்குப் போனேன். குழாயடியில் பாசி இல்லை. அவள் பாசி பிடிக்க விடுகிற ஆளா? சிவப்பு வண்டி வரிசை நடுவில் நின்றது. கயிறு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றின் கைப்பிடி பிளந்து, ஒரு துண்டு செம்பருத்தித் தொட்டிக்குள் கிடந்தது.

துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு? யாரும் பார்க்கக் கூடாது என்றுதானே?

மார்ச் 4, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

சிவப்பு போட்ட வண்டிகள் வரிசையாகத் தயார். திங்கட்கிழமை லாரி வருகிறது. பெயிண்டர் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறான், கல்யாணத்துக்கு அனுப்புகிற மாதிரி.

அவள்தான் வழுக்கினேன் என்கிறாளே. நான் ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும்? கைப்பிடி அவள் விழுந்ததில்கூட உடைந்திருக்கலாம். ஒருவேளை அவள் தப்பாக இழுத்திருக்கலாம் —

என்ன மனுஷன்டா நீ. பெட்ரோல் டியூபைக் காலையில் இரண்டு தடவை மாற்றி மாட்டினேன். வெல்டர் கேட்கிறான், "உடம்பு சரியில்லையா சார்?"

மார்ச் 8, சனி

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஒரு வண்டியை ஓரமாகத் தள்ளினேன். வலது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இடது கையால் கயிற்றைப் பிடித்தேன். மெதுவாக, அக்கா இழுப்பதைப் போல.

பாதி வழியில் பிடுங்கியது. தோள்பட்டை வரைக்கும் மின்சாரம் அடித்த மாதிரி இருந்தது. "அய்யோ அம்மா" என்று கத்திவிட்டேன்.

இப்போது புரிகிறது, புரிந்து என்ன. வேகமாக இழுத்தால் அது சொன்னபடி கேட்கும். மெதுவாக இழுத்தால் பாதியிலேயே உள்ளே வெடித்து, கயிற்றை வந்த வழியே இழுத்துக்கொள்ளும். பச்சையில் இதைத் தடுக்க உள்ளே ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. சிவப்பில் இல்லை. பலமாக இழுக்கிறவனை விட்டுவிடும், பலமில்லாதவள் கையைத்தான் பிடிக்கும். நாங்களோ டீக்குப் பயந்து நாலு பேரும் நாலு மாடு மாதிரி இழுத்தோம்.

திரும்பினால் கதவருகில் மச்சான். குடையை மறந்துவிட்டு எடுக்க வந்திருக்கிறான். என் கையைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்.

"பெரியக்கா வழுக்கி விழல. இல்லையா மாமா?"

நான் தலையைத்தான் ஆட்டினேன். ஐஸ் எடுத்துவந்து கையில் வைத்துக் கட்டினான். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவன் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீடு. மனைவி அவளுக்குத் தலை வாரிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும். பையிலிருந்து கைப்பிடித் துண்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"ஏன் பொய் சொன்ன?"

"இத்தனை வண்டி செஞ்சு வெச்சிருக்க. உன் மச்சான் முன்னாடி, வேலையாளுங்க முன்னாடி உன் மானம் போகணுமா?"

"போகட்டும். வேற யார் கையாவது போச்சுன்னா?"

அழ ஆரம்பித்தாள். "அதான் எனக்கும் ஒரு வாரமா தூக்கமில்ல. ஆனா நான் கேட்டேன்லடா. லேசா இருக்குமான்னு கேட்டேன்ல? உன்னத்தானே கேட்டேன்?"

அவள் அழுது நான் பார்த்து எவ்வளவோ வருஷம் ஆயிற்று. கண்ணைத் துடைக்க இரண்டு கையும் சரியாக வரவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன். என்னால ஆச்சு அக்கா, என்னாலதான் ஆச்சு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "சரி விடு" என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே நல்லது.

மார்ச் 10, திங்கள்

லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டோம். வெல்டரிடமும் பெயிண்டரிடமும் காரணத்தை நானே சொன்னேன். பெயிண்டர் துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்பேனரை எடுத்தான். சிவப்பை எல்லாம் கழற்றுகிறோம். விற்பனைக்காரர் போனில், "இதுவரைக்கும் ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல சார்" என்றார். இழுத்துப் பார்த்தவர்கள் எல்லாம் என்னைப் போன்றவர்களாக இருந்திருப்பார்கள்.

பல்லு விளக்குகிற குட்டிக்கு ஆர்டர் கொடுக்கும்படி மச்சானிடம் சொன்னேன். பச்சையில் இருந்த ஏற்பாடு அதிலும் உண்டு; நாலு பேரும் இடது கையால் மெதுவாக இழுத்துப் பார்த்தோம், பிடுங்கவில்லை. தண்ணீர் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். வாங்குகிறவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 17, வியாழன்

கட்டுப் பிரித்தாயிற்று. சுண்டு விரலும் பக்கத்து விரலும் மடங்கவில்லை. இதற்குமேல் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்கிறார் டாக்டர். தினமும் காலையில் நான்தான் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறேன். "செம்பருத்திக்கு அவ்வளவு விடாதடா, மூழ்கடிச்சிடுவ போலிருக்கே" என்று நாற்காலியிலிருந்து அதட்டுகிறாள். அதட்டுவது எனக்கு நன்றாக இருக்கிறது.

மே 19, திங்கள்

குட்டி எஞ்சின் போட்ட முதல் வண்டியை அக்காவிடம் கொண்டுபோனோம். பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறான் பெயிண்டர், யாரும் சொல்லாமலே.

வழக்கம்போல ஸ்டார்ட் பண்ணிக் காட்டக் குனிந்தேன். குனிந்தவன் நிமிர்ந்துவிட்டேன்.

"இழுக்க லேசா இருக்குமாடா?" என்று கேட்டாள். அதே கேள்வி. வேண்டுமென்றே கேட்டாளா, தெரியவில்லை.

"எனக்கு லேசு. உனக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது அக்கா."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மூன்று விரலால் கைப்பிடியைப் பிடித்தாள். நான் அவள் முழங்கையைப் பிடிக்கப் போனேன், "தள்ளி நில்லு" என்றாள்.

முதல் இழுப்பில் ஓடவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் ஓடியது.

டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.