களைச்செடிகளுக்கு ஒரு வலைப்பக்கம்

பீரோவின் அடித்தட்டில், பழைய சேலைகளுக்கு நடுவே, இன்று ஒரு ஃபிளாப்பி கிடைத்தது. மேலே ஒட்டிய துண்டுத் தாளில் உன் கையெழுத்து: ‘செடி ஒன்று முதல் ஐந்து வரை.’ ஐந்து படங்களுக்கு மேல் அதில் கொள்ளாது. இதைப் போட்டுப் பார்க்க ஒரு கணினி இனி எங்கே இருக்கப்போகிறது? இருந்தாலும் திரும்ப உள்ளே வைக்க மனம் வரவில்லை. நீ போய் மூன்று வருடமாகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை.

நாம் ஊட்டியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்தபோது பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்தது. வெலிங்டனில் என் அப்பாவுக்கு ராணுவ அலுவலகத்தில் வேலை. விலைச் சரிவு எங்கள் வீட்டில் செய்தித்தாளில் படித்துவிட்டு மடித்துவைக்கிற விஷயம். உன் வீட்டில் அப்படியில்லை. சேரம்பாடிக்கு அப்பால் உங்கள் எஸ்டேட்டில் வேலைநாட்கள் குறைந்துகொண்டே வந்தன. வகுப்பில் அந்த ஆண்டு நான்கு பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஐந்தாவது நீ என்பதை ஹாஸ்டல் படிக்கட்டில் ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு சொன்னாய்.

“அம்மா ஒத்தையில கஷ்டப்படுது புள்ள. மாசக் கடைசில போயிருவேன்.”

“அப்புறம் படிப்பு?”

“செடி அசைன்மெண்ட மட்டும் முடிச்சிட்டுப் போறேன்.”

இருபது செடிகளைச் சேகரித்து, வரைந்து, பெயர் எழுதித் தர வேண்டிய வேலை அது. நாங்களெல்லாம் பூங்காவைச் சுற்றி அழகான பூக்களாகப் பார்த்து எடுத்தோம். நீயோ தேயிலைக்கு நடுவே, தண்ணீர் ஓடும் கான்களில் முளைக்கிற களைகளை மட்டும் எடுத்தாய். ஒவ்வொன்றையும் வேர் முதல் விதை வரை பென்சிலால் வரைந்தாய். அறிவியல் பெயருக்குக் கீழே உன் அம்மா சொல்லும் பெயர். நுனியில் முறுக்கிய மயிர்களோடு நிற்கும் ஒரு புல்லுக்கு ‘கங்காணி மீசை’ என்று எழுதியிருந்தாய். ஆசிரியர் அதை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘தேவையற்றது’ என்று திருப்பிக் கொடுத்தார். நீ அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இணையத்தில் இலவசமாகவே இடம் கொடுக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று கணினி வகுப்பில் கேட்டதும் உனக்கு அந்த யோசனை வந்தது. “இத அதுல போட்டுருவோம். படிப்ப விட்டுட்டுப் போன நாலு பேரும் என்னைக்காவது பாப்பாங்கல்ல.”

சேரிங் கிராஸ் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனோம். நடத்தியவர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். உன் படங்களை ஸ்கேனரில் ஒவ்வொன்றாக வைத்தவர் மூன்றாவது தாளில் நிறுத்திவிட்டார். “ஏனுங்கம்மிணி, களைச்செடிக்கெல்லாம் எதுக்குங்க வெப்சைட்டு?”

“பூவுக்கெல்லாம் நெறய இருக்குங்க சார். இதுக்குத்தான் ஒண்ணுமில்ல” என்றாய். அதன்பிறகு அவர் தாள்களின் ஓரம் மடங்காமல் பார்த்துப் பார்த்து வைத்தார்.

பக்கத்துக்கு ஒரு பெயர் கேட்டது கணினி. நாம் கொடுத்த முதல் பெயர் ஏற்கெனவே யாரிடமோ இருந்தது. இரண்டாவதும் அப்படியே. நான் சலித்துக்கொண்டேன். நீ கண்ணாடித் திரையையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னாய்: “எங்கயோ ஒருத்தி உக்காந்து இதே பேர யோசிச்சிருக்கா புள்ள.” அப்படிப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. அடுத்து, தொழில் என்ன என்று கேட்டது. உன் விரல் அங்கே நின்றது. கல்லூரியில் உனக்கு இன்னும் ஆறு நாட்கள் மிச்சமிருந்தன. பிறகு ‘மாணவர்’ என்பதை அழுத்தினாய்.

உன் முதல் செடி திரையில் வந்த விதத்தை எப்படிச் சொல்வேன்? இணையம் தொலைபேசிக் கம்பி வழியே வந்த காலம். முதலில் ஏதோ விளம்பரம். அதன்கீழே பூவின் நுனி. பிறகு இதழ், காம்பு, இலை என்று கோடு கோடாக இறங்கியது. மஞ்சு விலக விலக எதிர்ச் சரிவு தெரிவதுபோல. கடைசியில் உன் அம்மா சொன்ன பெயர், உன் எழுத்தில். அந்த நிமிடம் உலகத்தில் யார் தேடினாலும் அது அங்கே இருந்தது. நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். வலித்தது, ஆனாலும் நான் சொல்லவில்லை.

மாசக் கடைசியில் நீ போய்விட்டாய். கொழுந்து எடுத்த நேரம் போக வரைந்த படங்களைத் தபாலில் அனுப்பினாய். நான் ஏற்றிக்கொண்டே இருந்தேன். பல மாதங்களுக்கு நம் பக்கத்தை நம்மைத் தவிர யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு நாள், பார்க்க வருகிறவர்கள் எழுதிவைக்கிற விருந்தினர் ஏட்டில் ஒரு குறிப்பு கிடந்தது. இலங்கையிலிருந்து, ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த தமிழ். எழுதியவர் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அங்கே பள்ளி ஆசிரியை என்றிருந்தார். ‘எங்கள் தோட்டத்திலும் இதற்குக் கங்காணி மீசை என்றுதான் பெயர். வேறெங்கும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்?’

அச்செடுத்துக்கொண்டு அடுத்த நாளே பஸ் ஏறினேன். கூடலூரில் மாறி, மழையில் நனைந்து, உங்கள் லயத்து வீட்டுக்கு முதல்முறையாக வந்தேன். உன் அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்து காலில் ஒட்டிய அட்டைகளுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார். நீ சத்தமாகப் படித்தாய். தோட்டத்தின் பெயர் வந்ததும் அவர் கை நின்றது.

“திருப்பிப் படி.”

படித்தாய்.

“நான் பொறந்த தோட்டம்” என்றார். உப்பைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் பேரு நாங்க வச்சது. நாலஞ்சு கொமரிப் புள்ளைக. கங்காணி அந்தப் பக்கம் திரும்பினதும் அந்தப் புல்லக் காட்டிச் சிரிப்போம். ஒப்பந்தம் போட்டு அனுப்புனப்ப நாங்க கப்பலேறி வந்துட்டோம். அது அங்கேயே இருந்திருக்கு.”

அவர் அழவில்லை. அந்தத் தாளை வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். “இவுகளுக்கு எழுது. அந்தக் கூட்டத்துல ஒருத்தி இங்க இருக்கான்னு எழுது.” அதன்பின் அன்று மாலை முழுக்க ஒவ்வொரு செடியாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். உன் பென்சில் தேய்ந்து, என் பேனாவை வாங்கி எழுதினாய். அதே வரிசையில் பக்கத்துக் காம்பரா வீடுகளில் இருந்து இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் சொல்லப் பெயர்கள் இருந்தன. மனிதர்கள் இவ்வளவு வைத்துக்கொண்டு இவ்வளவு பேசாமல் இருக்க முடியுமா என்று நான் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

நீ பட்டம் வாங்கவில்லை. எஸ்டேட்டில் வேலை இன்னும் சுருங்கவே திருப்பூருக்குப் போனாய், பனியன் கம்பெனியில் தையல். அங்கேயே கல்யாணம். லீவு நாட்களில் நாம் மாறிமாறிப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். ஒரு நாள் அது திறக்கவில்லை. இலவச இடம் கொடுத்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். முன்கூட்டி அனுப்பிய அறிவிப்பை நாம் பார்க்கவே இல்லை. நான் போனில் அழுதேன். நீ என்னைச் சமாதானப்படுத்தினாய். “போனாப் போவுது. அவங்க எடம், அவங்க எடுத்துக்கிட்டாங்க. பேரு நம்மகிட்டதான இருக்கு.”

உன் சிறுநீரகம் கெட்டது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ பேசும் நிலையில் இல்லை. நீ போன பிறகு உன் வீட்டுக்காரர் சொன்னார், டயாலிசிஸுக்குப் போகிற வழியில்கூட சாக்கடை ஓரம் நின்றுவிடுவாயாம். “என்னத்தப் பாக்குறேன்னு கேட்டா, இது நம்மூர்லயும் இருக்குதும்பாளுங்க.”

நான் இப்போது குன்னூரில் பள்ளி ஆசிரியை. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மலையைப் பார்த்து நடக்கிறார்கள். நான் கானைப் பார்த்து நடக்கிறேன், அதை எனக்குப் பழக்கிவிட்டவள் நீ. போன வாரம் பள்ளிக்குக் கீழே உள்ள தோட்டத்தில், வடக்கே எங்கிருந்தோ பிழைக்க வந்து கொழுந்து எடுக்கிற ஒரு பெண், களை ஒன்றைக் கிள்ளி இடுப்பில் செருகினாள். அது என்ன என்று சைகையால் கேட்டேன். வயிற்றைத் தடவிக்காட்டி ஒரு பெயர் சொன்னாள். எனக்கு அந்த மொழி தெரியாது. மூன்று முறை சொல்லச்சொல்லிக் கேட்டேன். நான் திருப்பிச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள், நாலாவது முறையாகத் திருத்தினாள். அதை எந்த எழுத்தால் எழுதினாலும் சரியாக வரவில்லை. மறந்துவிடாமல் இருக்க, நடக்கும்போதெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போகிறேன்.