சந்தனம் வைத்த இன்ஜின்

விஜயதசமி, இரவு.

சித்தப்பா தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கப் போகிறார். இன்ஜினில் கம்பெனி அடித்த எண் அசல்தானா என்று பார்த்துச் சொல்ல அரியமங்கலம் பட்டறைக்குப் போனேன். ஆயுத பூஜைக்காக மெக்கானிக் அந்த இடத்தை மெஷினில் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார். எண் போய்விட்டது. அங்கே சந்தனமும் குங்குமமும்தான் இருந்தன.

கூட வந்திருந்த சித்தப்பா அலட்டிக்கொள்ளவில்லை. “நம்பரோட பழைய போட்டோ இருக்குல்ல, அதைப் பார்த்து நீயே அடிச்சுடு. உன்னை விட்டா அந்த கம்பெனி எழுத்தோட வடிவம் யாருக்குத் தெரியும்?”

போலி எண்களைப் பிடிக்க இத்தனை வருஷம் படித்ததற்கு இதுதான் மரியாதை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில்தான் கவனித்தேன். என் விரல் முழங்காலின்மேல் அந்த எண்ணில் இருந்த எட்டை வரைந்துகொண்டிருந்தது. மேல்வட்டம் சிறியதாக, அசல் மாதிரியே.