எல்பே ஆற்றுக்கு அடியில்

அப்பா,

இன்று மண்டி ஹவுஸ் ஸ்டேஷனை நெருங்கும்போது டெல்லி மெட்ரோ சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. ஏசி ஓய்ந்ததும் ஈரச் சுவரின் வாடை உள்ளே வந்தது. இதயப் பரிசோதனைக்கு வியாழக்கிழமை நாள் குறித்துவிட்டு மயூர் விஹாருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன், வீட்டில் சொல்லியிருக்கவில்லை. ஹாம்பர்க்தான் நினைவுக்கு வந்தது.

அலுவலக வேலையாக நான் ஜெர்மனியில் இருந்தபோது உங்களை வரவழைத்து ஊரைக் காட்டினேன். கால்வாய் ஓரத்துச் செங்கல் கிடங்குகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்கள். அலைபோல எழும்பி நிற்கும் கண்ணாடி இசையரங்கை அண்ணாந்து பார்த்து, "நம்ம ஊர்ல இதைத் துடைக்கவே தனி டிபார்ட்மெண்ட் வேணும்" என்றீர்கள்.

பிறகு துறைமுகம். எல்பே ஆற்றுக்கு அடியில் நடந்தே அக்கரை போகும் பழைய சுரங்கம். கார் நிற்குமளவு பெரிய லிஃப்டில் இறங்கினோம். வெள்ளை ஓடு பதித்த நீண்ட குழாய், சுவரில் மீனும் நண்டும் செதுக்கிய சிற்பங்கள். பாதி வழியில் நின்றீர்கள்.

"மேலே கப்பல் போகுதாம்மா?"

"போகும்ப்பா."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டீர்கள். முகமெல்லாம் வியர்வை. முன்னே போவதா, திரும்புவதா? ஆம்புலன்ஸ் எண்கூட மறந்துபோயிற்று. "வலிக்குதாப்பா?" என்று கத்தினேன். குரல் எங்கோ போய் மோதித் திரும்பியது.

"வலி இல்லை. பயமா இருக்கு."

அம்மா இறந்த அன்றுகூட அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து வரவில்லை.

"எனக்கும்தான்ப்பா" என்றேன். என் கையைப் பிடித்து எழுந்தீர்கள்.

அக்கரையில் வெளிச்சத்துக்கு வந்ததும் தேவாலயக் கோபுரமும் கப்பல்களுமாக ஊர் முழுக்க எதிரே தெரிந்தது. திரும்பும்போது படகில் போகலாம் என்றேன். "வேண்டாம், வந்த வழியே போவோம். கையை மட்டும் விடாதே" என்றீர்கள்.

அந்தக் குளிர்காலத்தில், டெல்லியில், இதய ஆபரேஷனுக்கு உங்களைத் தள்ளிக்கொண்டு போன ஊழியரிடமும், பயமாக இருக்கிறது என்று கூசாமல் இந்தியில் சொன்னீர்கள்: "டர் லக்தா ஹை, பையா." அவர் ஸ்ட்ரெச்சரை நிறுத்தி என்னை அருகே வர விட்டார். கதவுவரை கூடவே வந்தேன். நீங்கள் திரும்பி வரவில்லை.

உங்கள் இதயம்தான் எனக்கும் வாய்த்திருக்கிறது போல. சற்றுமுன் என் மகள் திவ்யா வேலையிலிருந்து வந்தாள். "பயமா இருக்குடி" என்றேன். பையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"சொல்றேன். வியாழக்கிழமை நீ என்கூட வரணும்."