பத்துப் பச்சை மாத்திரைகள்

________ அக்கா,

காப்பித்தூள் தேடி அலமாரியைக் குடைந்தேன். உன் வைட்டமின் இ அட்டை கையில் சிக்கியது. பத்துப் பச்சை மாத்திரைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல்.

உனக்கு மறதி நோய் என்று தெரிந்தபோது, மூளை துருப்பிடிக்காமல் வைட்டமின் காக்கும் என்று செல்போனில் எவனோ சொன்னதை நம்பினேன். தல்லாகுளத்து டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்: "கீரை, பழம், நிலக்கடலை நல்லாக் குடுங்கண்ணே. மாத்திரை போட்டா மறதி நின்னுரும்னு உறுதி கிடையாது." எனக்கோ உறுதி வேண்டியிருந்தது. அட்டை அட்டையாக வாங்கி வந்தேன்.

ஒருநாள் மாலை ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தோம். உன் மாலை மடியில் கிடந்தது. கையில் மாத்திரை அட்டை. மாலையின் மணியை உருட்டுவதற்குப் பதில், ஒவ்வொரு ஜெபத்துக்கும் ஒன்றைப் பிதுக்கி, சுண்டலைப்போல வாயில் போட்டிருக்கிறாய். நான் கண்ணை மூடிக்கொண்டு பக்தியாக இருந்தேன், மடையன்! திறந்தபோது அட்டை காலி.

"என்னடா முழிக்கிற? மாலையில பத்து மணி சரியாத்தான இருக்கு!" என்று அதட்டினாய்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவிலும், விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தாய். ரத்தக்கசிவு வரலாம் என்று ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மறதிதான் நிற்கவில்லை. கடைசியில் என்னையே, "யாருப்பா நீங்க? இம்புட்டு மெலிஞ்சுபோயிருக்கீங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாய். அன்று கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

நேற்று தனியாக ஜெபமாலை சொன்னேன். முடிவில் நம் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வோமே, அதையும் தொடங்கினேன். அப்பா பெயர் வந்தது, அம்மா பெயர் வந்தது, சித்தப்பா பெயரும் வந்தது. அடுத்து நீ. உன் முகம் வந்தது, அதட்டல் வந்தது. பெயர் வரவில்லை அக்கா. மாலையை ஒரு சுற்று உருட்டி முடித்த பிறகுதான் வந்தது. அதற்குள் வியர்த்துச் சட்டை நனைந்துவிட்டது.

இன்று இந்த அட்டையில் ஒன்றைப் பிதுக்கி வாய்வரை கொண்டுபோனேன். தேதி முடிந்த மாத்திரை! டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்து கீழே வைத்தேன். அதுவாவது நினைவிருக்கிறதே என்று ஓர் அற்ப சந்தோஷம்.

நாளை என்னைக் காட்ட டாக்டரம்மாவிடம் போகிறேன். உன் மாலை சட்டைப்பையில் இருக்கிறது. இந்த மடலின் தலையில் 'அக்கா'வுக்கு முன்னால் உன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். காலையில் எழுந்ததும், எதையும் பார்க்காமல், அதை நிரப்ப வேண்டும்.