அணைப் பக்கம் ஒரு ஏக்கர்

சித்திரை 18, திங்கள்

காலையிலேயே வெயில். வற்றல் காயப்போட்டேன். கெரசின் இன்றும் இல்லை.

இவர் வைகை அணைப் பக்கம் ஒரு ஏக்கர் பார்த்துவிட்டு வந்து, கடை திறக்கக்கூடப் போகாமல் அதே பேச்சு. கறுத்த மண். கொடி கொடியாய் வெள்ளரி. "நகத்தால கீறுனாலே ஈரம், புள்ள!" விலையும் சல்லிசு. என் இரட்டைவடச் சங்கிலியை விற்றால் முடிந்துவிடுமாம். கழற்றிக் கொடுத்தேன். பத்திரம் பார்க்காமல் விற்கவும் கூடாது, முன்பணமும் கூடாது என்றேன். தேனி பஜாரில் கயிறு விற்கிற மனிதருக்கு இந்த வயதில் விவசாய ஆசை.

சித்திரை 28, வியாழன்

ஆண்டிபட்டி பத்திர ஆபீசில் கேட்டிருந்த வில்லங்கச் சான்று வந்தது. சுத்தம். விற்கிற மாயாண்டி பார்க்கக் கொடுத்த மூலப்பத்திரமும் அசல்தான், அவர் அப்பா பேரில். இவர் நடையே மாறிவிட்டது.

எனக்குத்தான் உறுத்தல். அவ்வளவு நல்ல மண்ணில் ஒரு மரம் இல்லை, கிணறு இல்லை, ஏன்? கிராமக் கணக்கையும் பார்க்கச் சொன்னேன்.

"ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகந்தேன்."

கோபம். மதியம் சாப்பாடு வேண்டாம் என்றார். பிறகு சாப்பிட்டார்.

சித்திரை 30, சனி

இருவரும் பஸ்ஸில் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு. புல எண்ணைக் கேட்டதுமே சிரித்துவிட்டார்.

"இது அணைக்குள்ள இருக்குற எடமாச்சே! கட்டுறப்பவே சர்க்கார் எடுத்தாச்சு. கோடையில தண்ணி வடிஞ்சா வெதைப்பாக. மழை பேஞ்சா ஆள் ஆழம்."

கைமாற்றிப் பத்திரம் பதிந்தால்தான் வில்லங்கத்தில் தெரியுமாம். சர்க்கார் எடுத்தது ஊர்க் கணக்கில்தான்.

அங்கிருந்து நேரே மாயாண்டியிடம். சண்டை வரும் என்று பயந்தேன். அவர் தலை நிமிரவில்லை.

"எங்க அய்யா அப்பவே நட்டஈடு வாங்கிட்டாக, தாயி. ஆனா கோடைக்குக் கோடை மண்ணு வெளிய வந்து நிக்குதே. எங்களுதுன்னுதான தோணும்?"

இவர் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு கூடை வெள்ளரியும் வாங்கினார், நம் தலையில் கட்டப் பார்த்தவரிடம்! இந்த மனிதரை என்ன செய்ய. எனக்குப் பிடித்திருக்கிறது.

சித்திரை 31, ஞாயிறு

புழுக்கம். வெள்ளரி பக்கத்து வீடுகளுக்கு.

மதியம் இவர் அடுப்படிக்கு வந்து சங்கிலியை நீட்டினார்.

"ஒன் பேருலதேன் எழுதணும்னு இருந்தேன்."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். அழுகை வந்துவிட்டது. அடுப்புப் புகை என்றேன்.

சங்கிலியை வாங்கவில்லை.

"வச்சிருங்க. தண்ணி ஏறாத எடமாப் பாப்போம். நானும் வாரேன்."