பசை கேட்டேன், பின் அடித்தார்கள்

கோபம் ஆறாத மகளுக்கு,

முதலில் திட்டிவிடு, பிறகு படி. எனக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றியாகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறேன். எரிச்சலெல்லாம் தோலை மூடிய விதத்தில்தான்.

நூலால் தைக்கலாம், ஸ்டேப்ளர் மாதிரி பின் அடிக்கலாம், பசை போட்டும் ஒட்டலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். "பசையே போடுங்க டாக்டர். தானா உதிர்ந்துடும், பிரிக்க வர வேண்டாம்ல" என்றேன். தலையை ஆட்டினார். மயக்கம் தெளிந்து பார்த்தால் காலுக்கு ஜிப் வைத்த மாதிரி வரிசையாகப் பின். இழுத்துத் திறக்க ஒரு கொக்கியாவது வைத்திருக்கலாம்.

கேட்டதற்கு, "மடங்குற இடம் பெரியவரே. உங்க தோல் ரொம்ப மெல்லிசு, பசை மட்டும் தாங்காது" என்கிறார். உன் அம்மா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். எருமைத்தோல் என்றுதானே கடைசிவரை திட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னைப் பிரிக்க வேண்டும். கூட ஆள் வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரர் வருவார் என்றேன். "உங்களைக் கொண்டாந்து விட்டவரா? அவருக்கே ரெண்டு முட்டியும் மாத்தணும். பிள்ளைங்க யாரும் இல்லையா?" என்றார் நர்ஸம்மா. நான் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொந்தக் காலில் நிற்பேன், உன் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று கத்தியவன் வேறு எதற்குப் பசை கேட்பான், சொல்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசல் கதவைத் தாழ்போடாமல் வைத்திருப்பேன். எழுந்து வந்து திறக்க எனக்கு நேரமாகும்.

மெல்லிய தோல்காரன்,
அப்பா